பன்னிரண்டு பேர் வேலை பார்க்கும் இடத்தில் ‘சேஃப்டி ஆபீசர்’ யார்?

தாம்பரம் – வேளச்சேரி சாலையில் வந்து, செம்பாக்கத்தில் எந்தத் தெருவுக்குள் திரும்பினாலும் ஒரு காட்சி தப்பாமல் கண்ணில் படும். பழைய தனி வீடு ஒன்றை இடித்துக்கொண்டிருப்பார்கள். அல்லது அது இருந்த இடத்தில், கீழே வண்டி நிறுத்த இடம் விட்டு, மேலே மாடிகள் எழுப்பிக்கொண்டிருப்பார்கள். பச்சை வலை, பாதித் தெருவை அடைத்த எம்-சாண்ட் குவியல், ஓரமாகச் சாய்த்து வைத்த சவுக்குக் கம்புகள், ஓயாமல் சத்தம் போடும் கலவை மெஷின்.

உள்ளே எட்டிப் பாருங்கள். ஒரு மேஸ்திரி, இரண்டு மூன்று கொத்தனார்கள், கம்பி கட்டுபவர்கள், சென்ட்ரிங் ஆட்கள், சித்தாள்கள் என மொத்தம் பத்து, பன்னிரண்டு பேர் இருப்பார்கள். இன்ஜினீயர் காலையில் ஒருமுறை வந்து போயிருப்பார். இரண்டாம் மாடி விளிம்பில் நின்று ஒருவர் செங்கல் வாங்கிக்கொண்டிருப்பார். அவர் தலையில் ஹெல்மெட்டுக்குப் பதில் துண்டுதான் இருக்கும்.

‘இங்கே பாதுகாப்புக்கு யார் பொறுப்பு?’ என்று கேட்டால், மேஸ்திரி இன்ஜினீயரைக் காட்டுவார். இன்ஜினீயர் கான்ட்ராக்டரைக் காட்டுவார். கான்ட்ராக்டரோ, ‘எல்லாம் அனுபவசாலிங்க சார், பார்த்துப்பாங்க’ என்பார். அந்தப் ‘பார்த்துப்பாங்க’ என்ற ஒரு சொல்லில்தான் நம் ஊர்க் கட்டட வேலையின் மொத்தப் பாதுகாப்பும் தொங்கிக்கொண்டிருக்கிறது.

பெரிய கட்டுமான நிறுவனங்களில் இதற்கென்றே படித்த அதிகாரிகள் இருக்கிறார்கள். புதிதாக அந்த வேலைக்கு வருபவருக்கு என்ன சொல்லித்தருகிறார்கள்? அதில் நம் தெருவுக்குள் கொண்டுவரக்கூடியது எது?

மௌலிவாக்கம் சொன்ன பாடம்

2014 ஜூன் 28, சனிக்கிழமை மாலை. நல்ல மழை. போரூர் அருகே மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் அப்படியே சரிந்து உட்கார்ந்தது. தேசியப் பேரிடர் மீட்புப் படை நாள்கணக்கில் இடிபாடுகளைத் தோண்டியது. 61 பேர் உயிரிழந்தார்கள். ஆந்திரா, ஒடிசாவிலிருந்தும் தமிழகத்தின் மற்ற மாவட்டங்களிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள் அவர்கள். நீதிபதி ஆர்.ரெகுபதி தலைமையில் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. பக்கத்தில் நின்ற ஜோடிக் கட்டடமும் பாதுகாப்பற்றது என்று முடிவாகி, 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது.

இந்தச் சம்பவத்தில் ஒரு கசப்பான உண்மை இருக்கிறது. அன்று அங்கிருந்த ஒவ்வொருவர் தலையிலும் ஹெல்மெட் இருந்திருந்தாலும், ஒவ்வொருவர் இடுப்பிலும் பெல்ட் இருந்திருந்தாலும், அவை யாரையும் காப்பாற்றியிருக்காது. கட்டடமே விழுந்தால் ஹெல்மெட் என்ன செய்யும்? பாதுகாப்பு என்பது தொழிலாளி மாட்டிக்கொள்ளும் பொருளில் தொடங்குவதில்லை. மண் பரிசோதனையில், வரைபடத்தில், கம்பியின் கணக்கில், கான்கிரீட்டுக்குக் கொடுக்கும் அவகாசத்தில் தொடங்குகிறது.

இரண்டாவது உதாரணம் நமக்கு இன்னும் பக்கம். 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல் நாள். வேளச்சேரி ஐந்து பர்லாங் சாலையில், புதிய கட்டடத்துக்காக ஆழமாகத் தோண்டியிருந்த பள்ளத்தின் ஓரம் மழையில் சரிந்தது. பக்கத்துப் பெட்ரோல் பங்க்கின் ஒரு பகுதியும் உள்ளே போனது. இரண்டு பேர் இறந்தார்கள். தண்ணீர் நிறைந்த பள்ளத்திலிருந்து உடல்களை மீட்கவே நாள்கள் பிடித்தன.

சிட்லபாக்கம் ஏரி, செம்பாக்கம் ஏரி, நன்மங்கலம் ஏரி என்று நீர் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு இறங்கி, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை நோக்கிப் போகும் பூமி இது. மழைக்காலத்தில் சம்ப்புக்குத் தோண்டினாலே ஊற்று எட்டிப்பார்க்கும் தெருக்கள் இங்கே உண்டு. வேளச்சேரியில் நடந்தது நமக்கு வெறும் செய்தி அல்ல.

சட்டம் கேட்கும் தகுதி

கட்டடத் தொழிலாளர்களுக்கென்று தனிச் சட்டம் 1996-ல் வந்தது. அதன் மத்திய விதிகள் 1998-ல் வந்தன. பாதுகாப்பு அதிகாரிக்கு என்ன தகுதி வேண்டும் என்று அந்த விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. பொறியியல் பட்டமோ டிப்ளமோவோ வேண்டும். கட்டுமான இடத்தில் மேற்பார்வை செய்த அனுபவம் வேண்டும். அதற்கு மேல் தொழில் பாதுகாப்பில் தனிப் படிப்பும் வேண்டும். சென்னையில் தரமணியில் இருக்கும் மத்திய அரசின் மண்டலத் தொழிலாளர் நிறுவனம் இந்தப் படிப்பை நடத்தும் இடங்களில் ஒன்று.

இன்னொரு தகுதியும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. அங்கே வேலை பார்க்கும் தொழிலாளர்களில் பெரும்பாலானவர்கள் பேசும் மொழி அதிகாரிக்குத் தெரிந்திருக்க வேண்டும். இன்றைய சென்னைப் புறநகரில் அந்த மொழி தமிழாகவும் இருக்கலாம், இந்தி, ஒடியா, வங்காளம், தெலுங்காகவும் இருக்கலாம். ‘கீழே நிற்காதே’ என்பதை நான்கு மொழியில் சொல்லத் தெரிவதும் இந்த வேலைக்கான தகுதிதான்.

அதே விதிகள் அதிகாரிக்கு இரண்டு கவசங்களையும் தருகின்றன. ஒன்று, அவர் நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பில் இருப்பவரின் கீழ் நேரடியாக இயங்க வேண்டும். வேலையைச் சீக்கிரம் முடிக்கத் துடிக்கும் சைட் மேனேஜருக்குக் கீழே அவரைப் போட்டால், அவரால் எதையும் நிறுத்த முடியாது. இரண்டு, அவருக்குச் சம்பந்தமில்லாத வேறு வேலை கொடுக்கக் கூடாது. காலையில் சேஃப்டி, மதியம் சிமென்ட் கணக்கு என்று ஆக்கிவிட்டால் இரண்டில் எது முதலில் கைவிடப்படும் என்று சொல்லத் தேவையில்லை.

இதெல்லாம் பெரிய இடங்களுக்கு. 2020-ல் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய தொழில்சார் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பின்படி, கட்டுமானத்தில் 250 தொழிலாளர்களோ அதற்கு மேலோ இருந்தால்தான் பாதுகாப்பு அதிகாரி கட்டாயம். 249 பேர் இருந்தால் கட்டாயம் இல்லை. செம்பாக்கத்துத் தெருவின் பன்னிரண்டு பேர் அந்த எண்ணுக்கு எத்தனையோ தூரத்தில் இருக்கிறார்கள். பத்துப் பேருக்கும் குறைவாக வேலை செய்யும் இடங்களோ 1996-ன் கட்டடத் தொழிலாளர் சட்டத்தின் வட்டத்துக்குள்ளேயே வந்ததில்லை. ஆனால், மூன்றாம் மாடியிலிருந்து விழுகிறவரை, உடன் வேலை செய்பவர்கள் எத்தனை பேர் என்று பார்த்து பூமி மெதுவாகத் தாங்கிக்கொள்ளப் போவதில்லை.

முதல் பாடம்: ஹெல்மெட் கடைசிப் படி

புதிதாக வரும் அதிகாரி முதலில் கற்றுக்கொள்வது, ஆபத்தைக் கையாள ஐந்து படிகள் இருக்கின்றன என்பது. இந்த வரிசை உலகம் முழுக்க ஒன்றுதான்.

முதல் படி, ஆபத்தையே இல்லாமல் செய்ய முடியுமா என்று பார்ப்பது. மேலே ஏறிச் செய்யும் வேலையைத் தரையிலேயே செய்து முடித்து மேலே ஏற்றலாமா? இரண்டாவது, ஆபத்தான பொருளுக்குப் பதில் ஆபத்துக் குறைந்ததைக் கொண்டுவருவது. மூன்றாவது, ஆபத்துக்கும் ஆளுக்கும் நடுவே ஒரு தடுப்பை வைப்பது. மாடி விளிம்பில் கைப்பிடிக் கம்பி, லிஃப்ட் குழிக்கு மூடி, கலவை மெஷினின் பெல்ட்டுக்குக் கூண்டு. நான்காவது, வேலை செய்யும் முறையை ஒழுங்குபடுத்துவது. யார், எப்போது, யார் அனுமதியோடு, எத்தனை பேர் என்று முடிவு செய்வது. ஐந்தாவது, கடைசி படி, ஹெல்மெட், கையுறை, பூட்ஸ், பெல்ட்.

நம் ஊரில் பாதுகாப்பு என்றாலே ஐந்தாவது படியில் தொடங்கி அங்கேயே முடித்துவிடுகிறோம். இருபது ஹெல்மெட் வாங்கி ஷெட்டில் மாட்டிவிட்டால் கடமை முடிந்தது. ஹெல்மெட் வேண்டாம் என்பதல்ல. மேலேயிருந்து விழும் சின்னக் கல்லிலிருந்து அது நிச்சயம் உயிர் காக்கும், அதுவும் தாடைப் பட்டையைப் போட்டிருந்தால். ஆனால், திறந்து கிடக்கும் லிஃப்ட் குழியை மூடாமல் ஹெல்மெட் மட்டும் கொடுப்பது, ஓட்டைப் படகில் ஏற்றிவிட்டுக் குடை கொடுப்பது மாதிரி.

நான்கு எமன்கள்

அடுத்து அதிகாரிக்குக் கண் பழக்குகிறார்கள். தினமும் காலையில் கட்டடத்தை ஒருமுறை முழுக்க நடந்து பார்க்க வேண்டும். நம் தெருவின் சின்ன வேலைகளுக்கும் பொருந்தும் நான்கு ஆபத்துகளை மட்டும் இங்கே பார்ப்போம்.

*உயரம்.* சாரத்தில் பல இடங்களில் ஒற்றைப் பலகை போட்டு நடக்கிறார்கள். முழு அகலத்துக்குப் பலகை வேண்டும். பலகையின் இரு முனைகளும் கட்டப்பட்டிருக்க வேண்டும். இடுப்பு உயரத்தில் கைப்பிடிக் குறுக்குக் கம்பு வேண்டும். ஏணி என்றால் நான்கு அடி உயரத்துக்கு ஓர் அடி வெளியே இழுத்துச் சாய்க்க வேண்டும். ஏறி இறங்கும் தளத்துக்கு மேல் மூன்று அடியாவது நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். பெல்ட் போட்டிருக்கிறாரா என்று பார்ப்பதைவிட, அதன் கொக்கியை எதில் மாட்டியிருக்கிறார் என்று பார்க்கச் சொல்லித்தருகிறார்கள். ஆடும் சாரக் கம்பிலோ பிளம்பிங் பைப்பிலோ மாட்டிய பெல்ட், போடாத பெல்ட்டுக்குச் சமம்.

தரையில் விட்டிருக்கும் ஓட்டைகள் இன்னும் மோசம். குழாய்கள் போக விட்ட டக்ட் மேல் ஒரு பிளைவுட் துண்டை வெறுமனே போட்டு மூடியிருப்பார்கள். யாரோ அந்தப் பிளைவுட் வேறு வேலைக்கு ஆகும் என்று இரண்டு கையாலும் தூக்கி, முன்னால் ஓர் அடி வைப்பார். அந்த அடி ஓட்டைக்குள் போகும். மூடியை ஆணி அடித்துப் பொருத்தி, மேலே ‘ஓட்டை’ என்று பெயின்ட்டில் எழுதிவைக்க ஐந்து நிமிடம் போதும்.

*மண்.* ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கு மேல் எடை இருக்கும். அதாவது 50 கிலோ சிமென்ட் மூட்டைகள் 30-க்கும் மேல். நெஞ்சு வரை மண்ணில் புதைந்தவர் தலை வெளியே இருந்தாலும் மூச்சு விடத் திணறுவார். விலா எலும்புகள் விரிய இடம் இருக்காது. எனவே ஐந்து அடிக்கு மேல் ஆழம் போனால் ஓரங்களைச் சரிவாக வெட்ட வேண்டும், அல்லது பலகை கொடுத்து முட்டு வைக்க வேண்டும். ஏறி வர ஏணி உள்ளேயே இருக்க வேண்டும். தோண்டிய மண்ணைப் பள்ளத்தின் விளிம்பிலேயே குவிக்கக் கூடாது. அந்த எடையே விளிம்பை உள்ளே தள்ளும். ராத்திரி மழை பெய்திருந்தால் காலையில் யாரும் இறங்குவதற்கு முன்னால் ஓரங்களைப் பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டு காம்பவுண்ட் சுவரில் புதிய விரிசல் இருந்தால் அது எச்சரிக்கை மணி.

*மின்சாரம்.* பிளக் இல்லாத வயரின் இரண்டு நுனியையும் சாக்கெட்டில் சொருகி, கழன்று விழாமல் குச்சி வைத்து அழுத்தியிருப்பதை எத்தனையோ இடங்களில் பார்த்திருப்பீர்கள். அந்த வயர் தண்ணீர் தேங்கிய தரையில் கிடந்து மோட்டாருக்குப் போகும். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்றைத் தற்காலிக இணைப்பில் பொருத்துவதுதான் இங்கே உயிர் காக்கும் சாதனம். அடுத்தது தெருவின் மேலே போகும் கம்பி. இரும்புக் கம்பி வழக்கமாக 12 மீட்டர் நீளத்தில் வரும். குறுகிய தெருவில் அதை மாடிக்கு ஏற்றும்போது முன் முனையை ஒருவர் பார்ப்பார், பின் முனை மின்கம்பியைத் தொடும். ஏற்றும்போது கம்பியை மட்டும் பார்க்க ஒரு ஆளை நிறுத்த வேண்டும். அவருக்கு வேறு வேலை கிடையாது.

*மூச்சு.* இதைப் பற்றி நம்மில் பலருக்குத் தெரியாது. செப்டிக் டேங்க் என்றால் கழிவு இருந்தால்தான் ஆபத்து என்று நினைக்கிறோம். புதிதாகக் கட்டிய, இன்னும் பயன்படுத்தவே தொடங்காத தொட்டியிலும் சாவு இருக்கிறது. மேல்மூடி கான்கிரீட் போட்ட பிறகு உள்ளே சென்ட்ரிங் பலகையும் சவுக்கும் ஈரத்தில் நாள்கணக்கில் கிடக்கும். தேங்கிய தண்ணீரிலும் மக்கும் மரத்திலும் கிருமிகள் பெருகி, உள்ளே இருக்கும் ஆக்ஸிஜனைக் குடித்துவிடும். சாதாரணக் காற்றில் ஏறத்தாழ 21 சதவீதம் இருக்க வேண்டிய ஆக்ஸிஜன், 19.5-க்குக் கீழே போனாலே இறங்கக் கூடாது. மிகவும் குறைந்துபோயிருந்தால், பலகை பிரிக்க இறங்குபவர் சில நொடிகளில் மயங்கி விழுவார். ‘என்னாச்சு?’ என்று அடுத்தவர் இறங்குவார். அவரைத் தூக்க மூன்றாமவர் இறங்குவார். ஒரு தொட்டியில் இரண்டு, மூன்று பேர் இறந்த செய்திகள் இப்படித்தான் உருவாகின்றன.

எல்லா மூடிகளையும் திறந்து, ப்ளோயர் வைத்துக் காற்றை உள்ளே செலுத்தி, கருவியால் அளந்து பார்த்து, இடுப்பில் கயிறு கட்டி, மேலே ஒருவரைக் காவலுக்கு வைத்த பிறகுதான் இறங்க வேண்டும். மெழுகுவத்தி ஏற்றிப் பார்ப்பது பழைய பழக்கம். அது நம்பத்தகுந்ததும் அல்ல, எரியும் வாயு இருந்தால் அதுவே விபத்தாகும். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால், வெளியே இருப்பவர் பின்னாலேயே இறங்கக் கூடாது. கயிற்றை இழுக்க வேண்டும், 108-ஐயும் தீயணைப்புத் துறையையும் அழைக்க வேண்டும். மனசு கேட்காதுதான். அதனால்தான் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டியிருக்கிறது.

அவசரம் என்னும் ஐந்தாவது எமன்

இந்த நான்குக்கும் பின்னால் ஐந்தாவதாக ஒருவன் இருக்கிறான். அவன் பெயர் அவசரம். சென்ட்ரிங் பிரிப்பதில் அவனை நன்றாகப் பார்க்கலாம். பலகையும் முட்டும் வாடகைக்கு எடுத்தவை. நாள் கூடினால் வாடகை கூடும். அடுத்த சைட்டுக்கு அவை போக வேண்டும்.

கான்கிரீட் எத்தனை நாளில் தன் எடையைத் தானே தாங்கும் என்பதற்கு இந்தியத் தரக் குறியீடு ஐ.எஸ்.456 கணக்கு வைத்திருக்கிறது. தளத்தின் இடைவெளி 4.5 மீட்டர் வரை என்றால் முட்டுகளை 7 நாள் கழித்து எடுக்கலாம். அதற்கு மேல் என்றால் 14 நாள். உத்திரம் 6 மீட்டர் வரை 14 நாள், அதைத் தாண்டினால் 21 நாள். இவை சாதாரண போர்ட்லேண்ட் சிமென்ட்டுக்கான குறைந்தபட்சக் கணக்கு. இப்போது பரவலாகப் பயன்படும் பி.பி.சி. சிமென்ட் மெதுவாக இறுகும் என்பதால் இன்னும் கூடுதல் நாள் தேவைப்படலாம். அதை இன்ஜினீயர்தான் சொல்ல வேண்டும். லாரி வந்துவிட்டது என்பதற்காக மேஸ்திரி சொல்லக் கூடாது.

புதிய அதிகாரிக்குக் கடினமான பாடம் இதுதான். சாரம், மண், மின்சாரம் எல்லாவற்றையும் புத்தகத்தில் படித்துவிடலாம். ரெடிமிக்ஸ் வண்டி வாசலில் உருண்டுகொண்டிருக்கும்போது, முதலாளி போனில் கத்திக்கொண்டிருக்கும்போது, ‘இந்த முட்டு சரியில்லை, கான்கிரீட் போடக் கூடாது’ என்று சொல்வதை எந்தத் தேர்வும் சொல்லித்தராது. அவருக்குச் சம்பளம் தருவதும் அந்த முதலாளிதான். அதனால்தான் நல்ல நிறுவனங்கள், வேலையை நிறுத்தும் அதிகாரத்தை முதல் நாளே எல்லோர் முன்னிலையிலும் அவருக்குக் கொடுக்கின்றன. ஒருமுறை அவர் நிறுத்தியதை மேலதிகாரி மாற்றிவிட்டால், அடுத்த நாளிலிருந்து அவர் பேச்சை சித்தாளும் கேட்கமாட்டார்.

அதிகாரி போலீஸ்காரராக நடந்துகொண்டாலும் வேலை கெடும். அவர் வரும்போது மட்டும் ஹெல்மெட் தலைக்கு ஏறும், போனதும் இறங்கும். நூலிழையில் தப்பிய சம்பவங்களை யாரும் வெளியே சொல்லமாட்டார்கள். ‘நேத்து செங்கல் ஒண்ணு என் காலுக்குப் பக்கத்துல விழுந்துச்சு’ என்று ஒரு சித்தாள் பயமில்லாமல் வந்து சொன்னால், நாளைக்கு ஒரு தலை தப்பிக்கும். சொன்னவருக்கு அரைநாள் கூலி வெட்டு என்றால், அந்தச் செங்கலைப் பற்றி யாருக்கும் தெரியப்போவதில்லை.

காலைப் பத்து நிமிடம்

பெரிய சைட்களில் தினமும் வேலை தொடங்குவதற்கு முன் எல்லோரையும் கூட்டிச் சில நிமிடம் பேசுவார்கள். ‘டூல்பாக்ஸ் டாக்’ என்று பெயர். ஒரு நாளுக்கு ஒரே விஷயம். இன்றைக்கு என்ன வேலை, அதில் என்ன ஆபத்து, என்ன செய்ய வேண்டும், அவ்வளவுதான். மொழி தெரியாதவர்களுக்குச் செய்துகாட்ட வேண்டும். ‘புரிஞ்சுதா?’ என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். ‘நீ செஞ்சு காட்டு’ என்று சொன்னால்தான் புரிந்ததா இல்லையா என்பது தெரியும்.

2025 செப்டம்பர் 30 அன்று எண்ணூரில், அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் உயரத்திலிருந்து சாரம் சரிந்து 9 தொழிலாளர்கள் இறந்தார்கள். வெளிமாநிலத்திலிருந்து வந்தவர்கள். வீட்டிலிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி வந்து வேலை பார்ப்பவருக்கு, ‘இது ஆபத்து, நான் ஏறமாட்டேன்’ என்று சொல்ல மொழியும் வேண்டும், தைரியமும் வேண்டும். இரண்டையும் கொடுப்பது அதிகாரியின் வேலை.

‘ஆரோக்கியம்’ என்ற பாதி

பதவியின் முழுப் பெயர் பாதுகாப்பு மற்றும் சுகாதார அதிகாரி. விபத்து சத்தம் போட்டு வரும். நோய் சத்தமில்லாமல் வரும். ஈர சிமென்ட் காரத்தன்மை கொண்டது. வெறும் கையிலும் காலிலும் படப்படத் தோல் வெந்து வெடிக்கும். டைல்ஸும் கிரானைட்டும் அறுக்கும்போது பறக்கும் சிலிக்கா தூசு நுரையீரலில் தங்கி, ஆண்டுகள் கழித்து மூச்சை அடைக்கும். முகத்தில் துண்டு கட்டினால் அந்த நுண்தூசு நிற்காது. தண்ணீர் விட்டு அறுத்தால் தூசு பறப்பது பெருமளவு குறையும். மேலே சொன்ன ஐந்து படிகளில் இது மூன்றாவது படி.

சித்திரை, வைகாசி வெயிலில் தளத்தின் மேல் கம்பி கட்டுபவரை நினைத்துப் பாருங்கள். வெப்ப அலையைத் தமிழக அரசு 2024-ல் மாநிலப் பேரிடராகவே அறிவித்துவிட்டது. குடிதண்ணீர், நிழல், உச்சி வெயிலில் ஓய்வு ஆகிய மூன்றும் சலுகைகள் அல்ல. பேச்சு குழறி, தடுமாறி, மயங்கும் தொழிலாளியை ‘சரக்கு’ என்று ஒதுக்கிவிடுகிறோம். அது வெப்பத்தாக்கமாக இருக்கலாம். உடனே நிழலுக்குத் தூக்கிப்போய், உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, விசிறியபடி 108-ஐ அழைக்க வேண்டும்.

கழிப்பறை இல்லாத சைட்டில் சித்தாள் அக்கா காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. அவர் மதியம் மயங்கி விழுந்தால் அதற்குப் பெயர் வெயில் மட்டுமல்ல.

நம் தெருவுக்கு ஒரு ‘சேஃப்டி’

பன்னிரண்டு பேர் வேலை பார்க்கும் இடத்துக்குப் பட்டம் படித்த அதிகாரியை நியமிக்க முடியாது. ஆனால், அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவரை ‘சேஃப்டி’ ஆக்க முடியும். மேஸ்திரியையே ஆக்கலாம் என்று தோன்றும். வேலையை முடிக்க வேண்டிய அவசரமும் அவருக்கே இருப்பதால், அவரல்லாத அனுபவமுள்ள ஒருவர் நல்லது. காலையில் பத்து நிமிடம் சுற்றிப் பார்ப்பது, தப்பாகத் தெரிந்தால் வேலையை நிறுத்துவது ஆகிய இரண்டும் அவர் பொறுப்பு. அதற்காகத் தினமும் கூலியோடு ஒரு சிறு தொகை. மொத்தக் கட்டுமானச் செலவில் இது கண்ணுக்கே தெரியாது.

அந்த ஏற்பாட்டைச் செய்ய வைக்கக்கூடியவர் ஒருவர்தான். பணம் கொடுப்பவர். அதாவது, வீடு கட்டும் நீங்கள். டைல்ஸ் நிறத்துக்கு நான்கு கடை ஏறி இறங்கும் நாம், ஒப்பந்தம் போடும்போது இந்தக் கேள்விகளையும் கேட்கலாம்.

1. மண் பரிசோதனை செய்தீர்களா? அஸ்திவாரம் அதன்படிதான் வடிவமைக்கப்பட்டதா?

2. பள்ளம் ஐந்து அடிக்கு மேல் போனால் ஓரத்துக்கு என்ன பாதுகாப்பு?

3. சாரத்துக்கும் மாடி விளிம்புக்கும் கைப்பிடிக் கம்பு உண்டா? ஓட்டைகளை எப்படி மூடுவீர்கள்?

4. தற்காலிக மின் இணைப்பில் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா? ‘டெஸ்ட்’ பட்டனை அழுத்திக் காட்ட முடியுமா?

5. சென்ட்ரிங் பிரிக்கும் தேதியை இன்ஜினீயர் எழுத்தில் கொடுப்பாரா?

6. சம்ப், செப்டிக் டேங்கில் பலகை பிரிக்கும்போது ப்ளோயரும் காவல் ஆளும் இருப்பார்களா?

7. தொழிலாளர்கள் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கிறார்களா?

8. குடிதண்ணீர், கழிப்பறை, முதலுதவிப் பெட்டி எங்கே?

ஏழாவது கேள்விக்கு ஒரு விளக்கம். கட்டட அனுமதி பெறும்போது கட்டுமானச் செலவில் 1 சதவீதம் தொழிலாளர் நல நிதிக்காக வசூலிக்கப்படுகிறது. விபத்து, மரணம், பிள்ளைகளின் படிப்பு, ஓய்வூதியம் ஆகியவற்றுக்கு வாரியம் தரும் உதவிகள் இந்த நிதியிலிருந்து வருகின்றன. உங்கள் வீட்டுக்குக் கல் சுமப்பவர் பதிவு செய்யாமல் இருந்தால், அந்த உதவி அவர் குடும்பத்துக்கு முழுமையாகப் போய்ச் சேராது. பதிவை இணையத்திலேயே செய்யலாம். போனில் படிவம் நிரப்பத் தெரியாத ஒருவருக்கு, உங்கள் வீட்டுக் கல்லூரிப் பிள்ளை ஒரு மணி நேரம் உட்கார்ந்து நிரப்பிக்கொடுத்தால் போதும்.

சட்டத்தில் 250 என்ற எண் குறையுமா, எப்போது குறையும் என்று நாம் காத்திருக்க வேண்டியதில்லை. நாளைக் காலை உங்கள் சைட்டுக்கோ பக்கத்து மனைக்கோ போனால், முதலில் அந்த லிஃப்ட் குழியைப் பாருங்கள். மூடியில்லை என்றால் மேஸ்திரியைக் கூப்பிட்டு, மூடிய பிறகு மற்ற வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள்.